பலர் பயன்படுத்தும் சர்வரில் மெமரி ஏறிக்கொண்டே போகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே நேரத்தில் பல பேர் உள்ளே வந்து வேலை பார்க்கும் சர்வர் நிரல்களைப் பற்றியது இது. திங்கட்கிழமை 600 எம்பி எடுத்துக்கொண்டிருந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) வெள்ளிக்கிழமை 3 ஜிபியில் நிற்கும், யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். இந்த நிலையில் மாட்டிக்கொண்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் லினக்ஸைச் சார்ந்தவை. அணுகுமுறை எந்த இயங்குதளத்துக்கும் பொருந்தும்.

மெமரி ஏறுகிறது என்றாலே லீக் தானா?

இல்லை. லீக் என்ற முடிவோடு, அதாவது எடுத்த மெமரியை நிரல் திருப்பி விடவே இல்லை என்ற முடிவோடு, தேட ஆரம்பித்தால் பல நாள் வீணாகும். ஏறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. நிரல் புதிதாகக் கிளம்பியிருந்தால் கேஷ் (மறுபடி தேவைப்படும் என்று எடுத்து வைக்கும் தரவு) இன்னும் நிரம்பிக்கொண்டிருக்கும். ஒருநாள் காலையில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு பேர் வந்திருப்பார்கள். அவர்கள் போன பிறகும் அன்றைய உச்சத்துக்கு எடுத்த இடத்தை நிரல் விடாமல் வைத்திருக்கும். சின்னதும் பெரியதுமாக எடுத்து விட்டதில் நடுநடுவே பொத்தல் விழுந்து, காலி இடம் இருந்தும் பயன்படாமல் போயிருக்கும். இவை எதுவுமே இல்லையென்றால்தான் லீக்.

இவற்றைப் பிரித்துப் பார்க்க வளைவின் வடிவம் உதவும். கேஷ் நிரம்புவது முதலில் வேகமாக ஏறி, அப்புறம் தட்டையாகிவிடும். உச்சத்தால் ஏறியது படிக்கட்டு மாதிரி இருக்கும்: ஒரு தாவல், நீண்ட சமதளம், இன்னொரு தாவல். உண்மையான லீக் அப்படி ஒரு மட்டத்தில் அடங்காது. பயனர் வரும்போதெல்லாம் ஏறும், யாரும் வராத நேரத்தில் நிற்கும், ஆனால் இறங்கவே இறங்காது.

சரி, ப்ராசஸ்களைப் பட்டியலிடும் டாப் கட்டளை காட்டும் எண்களில் எதைப் பார்ப்பது?

விர்ட் என்ற நெடுவரிசையை முதல் பார்வையில் விட்டுவிடுங்கள். நிரல் முகவரிகளாக ஒதுக்கி வைத்திருக்கும் மொத்த இடம் அது. அதில் பெரும்பகுதிக்கு உண்மையான ராம் இருக்காது. ரெஸ் என்பதுதான் இப்போது ராமில் உட்கார்ந்திருக்கும் அளவு. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் பக்கங்கள் (ராமைப் பங்கிடும் சின்னத் துண்டுகள்) ஒவ்வொன்றின் ரெஸ் கணக்கிலும் முழுதாக வரும். எல்லா ரெஸ்ஸையும் கூட்டினால் இயந்திரத்தில் உள்ள ராமைவிட அதிகமாக வருவது இதனால்தான்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு இணைப்புக்கும் அது தனி ப்ராசஸ் வைக்கிறது. எல்லா ப்ராசஸ்களும் பகிரப்பட்ட பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) பகுதி ஒன்றைத் தொடும். நீண்ட நேரம் வாழும் இணைப்பு அந்தப் பகுதியில் புதிய புதிய பக்கங்களைத் தொடத் தொட அதன் ரெஸ் ஏறிக்கொண்டே போகும். பார்ப்பவருக்கு லீக் போலவே தெரியும். ஆனால் அந்த ப்ராசஸ் தனக்கென்று ஒரு பைட்கூடக் கூடுதலாக எடுத்திருக்காது. ரெஸ்ஸிலிருந்து, பகிர்ந்த அளவைக் காட்டும் ஷ்ர் நெடுவரிசையைக் கழித்துப் பார்த்தாலே பெரும்பாலும் விஷயம் தெளிந்துவிடும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் ப்ராக் (லினக்ஸ் ஒவ்வொரு ப்ராசஸைப் பற்றியும் விவரம் தரும் இடம்) கோப்புகளில் அந்த ப்ராசஸின் ஸ்மேப்ஸ் ரோலப்பைத் திறந்து பிஎஸ்எஸ் அளவைப் பாருங்கள். பகிர்ந்த பக்கங்களை எத்தனை பேர் பகிர்கிறார்களோ அத்தனையால் வகுத்த கணக்கு அது.

மொத்த இயந்திரத்துக்கு ஃப்ரீ கட்டளை போதும். அதில் 'ஃப்ரீ' என்ற எண் சின்னதாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். படித்த கோப்புகளை இயங்குதளத்தின் மையமான கர்னல் ராமில் வைத்துக்கொள்ளும், கேட்டால் விட்டுக்கொடுக்கும். 'அவெய்லபிள்' என்ற எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

எதை வைத்து விசாரணையை ஆரம்பிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மெமரியை நேரத்துக்கு எதிராக மட்டும் வரைந்து பார்க்காதீர்கள். நேரம் யாரையும் காட்டிக்கொடுக்காது. எத்தனை லாகின், எத்தனை கோரிக்கை, எத்தனை கோப்புப் பதிவேற்றம், எத்தனை இணைப்பு அறுந்தது என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எதிராக மெமரியை வரையுங்கள். எதோடு சேர்ந்து நேர்கோட்டில் ஏறுகிறதோ, குற்றவாளி அந்தப் பக்கம்தான் இருப்பான்.

அடுத்தது வகுத்தல். ஒரு கணக்குப் போடுவோம். நள்ளிரவில், யாருமே இல்லாத நேரத்தில் ரெஸ் எவ்வளவு என்று தினமும் குறித்துக்கொள்கிறீர்கள். முந்தைய நாளைவிட 390 எம்பி கூடியிருக்கிறது. அன்றைக்கு 10,000 லாகின் நடந்திருக்கிறது. வகுத்தால் ஒரு லாகினுக்குச் சுமார் 40 கேபி. இப்போது நிரலைத் திறந்து, ஒரு லாகினுக்கு எங்கே 40 கேபி எடுக்கிறோம் என்று கேளுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் 32 கேபி பஃபர் ஒன்று, அதோடு அனுமதிப் பட்டியல் ஒரு ஏழெட்டு கேபி என்றால், ஆளைப் பிடித்தாகிவிட்டது. முழு செஷனுமே (ஒரு பயனர் உள்ளே இருக்கும்வரை அவருக்காக வைத்திருக்கும் தரவு) விடப்படாமல் நிற்கிறது. அதே கணக்கில் லாகினுக்கு 200 பைட் என்று வந்திருந்தால் செஷனை விட்டுவிட்டு, ஏதோ ஒரு மேப்பில் (சாவிக்கு ஒரு மதிப்பு என்று சேமிக்கும் பட்டியலில்) நீக்கப்படாமல் கிடக்கும் ஒற்றைச் சாவியைத் தேடியிருப்போம்.

இந்த வகுத்தலுக்கு எந்தக் கருவியும் வேண்டாம், நிஜப் பயனர்கள் இருக்கும் ப்ரொடக்‌ஷனில் கை வைக்கவும் வேண்டாம். இருந்தும் இதைச் செய்யாமல் நேராக ஹீப் டம்ப்புக்கு (நிரலின் மெமரியை முழுதாக ஒரு கோப்பில் எழுதி எடுப்பதற்கு) ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். பல ஜிபி டம்ப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சோர்வு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: உச்ச அளவை ஒப்பிடாதீர்கள், அடிமட்ட அளவை ஒப்பிடுங்கள். உச்சம் அன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத்தான் சொல்லும். எல்லோரும் போன பிறகும் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய எண்.

எல்லாப் பயனர்களும் வெளியேறிவிட்டார்கள். மெமரி ஏன் குறையவில்லை?

நிரல் ஃப்ரீ செய்தது, அதாவது எடுத்த மெமரியை விட்டது என்றால் அந்த இடம் உடனே கர்னலுக்குப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடுவில் அலோகேட்டர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் கர்னலிடம் மொத்தமாக வாங்கி, நிரலுக்குச் சில்லறையாகக் கொடுப்பார். திரும்பி வரும் சில்லறையை அடுத்த தேவைக்கு என்று தன்னிடமே வைத்துக்கொள்வார்.

லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியின் அலோகேட்டர் மேலாக்கில், 128 கேபிக்குக் குறைவான துண்டுகள் பொதுவான ஹீப்பிலிருந்து (நிரல் ஓடும்போது மெமரி எடுக்கும் குவியலிலிருந்து) வரும். அந்த ஹீப்பின் நுனியில் ஒரே ஒரு சின்னத் துண்டு உயிரோடு இருந்தாலும் அதற்குக் கீழே உள்ள காலி இடத்தை நுனியிலிருந்து வெட்டித் திருப்பித் தர முடியாது. 128 கேபிக்கு மேற்பட்டவை தனியாக எம்மேப் மூலம் கர்னலிடமே நேராக வாங்கப்பட்டு, விட்டதும் திரும்பிவிடும். இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அப்படி ஒரு பெரிய துண்டை விடுவித்ததும் அந்த 128 கேபி எல்லை அந்தத் துண்டின் அளவுக்கு உயர்ந்துவிடும், 64 பிட் இயந்திரத்தில் 32 எம்பி வரைக்கும். அதனால் ஆரம்பத்தில் ஒழுங்காகத் திரும்பிய அளவுகள் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு திரும்பாமல் ஹீப்பிலேயே தங்கும். 'முதல் நாள் சரியாக இருந்தது' என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை.

கோ மொழியில் இன்னொரு கதை. 2019ல் வந்த 1.12 பதிப்பு, தேவையில்லாத பக்கங்களை 'வேண்டும்போது எடுத்துக்கொள்' என்ற முறையில் லினக்ஸுக்கு விட்டது. நெருக்கடி வராதவரை கர்னல் எடுக்காது, ஆகவே ரெஸ் குறையாது. இதைப் பார்த்து லீக் என்று பலர் குழம்பினார்கள். 2021ல் வந்த 1.16 பதிப்பில் உடனே விடும் பழைய முறைக்கே மாறினார்கள்.

இதைச் சோதிக்க எளிய வழி: சி நிரலாக இருந்தால் சோதனைச் சூழலில், சேர்த்து வைத்ததைத் திருப்பச் சொல்லும் மேலாக் ட்ரிம்மை ஒருமுறை அழையுங்கள். ரெஸ் சட்டென்று விழுந்தால் லீக் இல்லை, அலோகேட்டர் சேர்த்து வைத்ததுதான். விழாவிட்டால் பொத்தல் விழுந்த ஹீப்பாக இருக்கலாம், லீக்காகவும் இருக்கலாம். மேலே சொன்ன வகுத்தலுக்குத் திரும்புங்கள்.

த்ரெட்களை (ஒரே ப்ராசஸுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை) கூட்டினோம், மெமரி எகிறிவிட்டது. த்ரெட் ஒன்றுக்கு இவ்வளவா?

ஸ்டாக்கை (த்ரெட் தன் தற்காலிக மாறிகளை வைக்கும் இடத்தை) சந்தேகப்படுவார்கள். ஆனால் லினக்ஸில் ஒரு த்ரெட்டுக்கு வழக்கமாக ஒதுக்கும் 8 எம்பி ஸ்டாக்கில் தொட்ட பக்கங்கள் மட்டுமே ராமுக்கு வரும். பெரும்பாலும் காரணம் அரீனா. த்ரெட்கள் ஒரே பூட்டுக்கு முட்டி மோதாமல் இருக்க, ஜிலிப்சி அவற்றுக்குத் தனித்தனி அரீனாக்களை, அதாவது தனித்தனி ஹீப்களை, கொடுக்கும். 64 பிட்டில் கோர் ஒன்றுக்கு 8 வரை. 16 கோர் இயந்திரம் என்றால் 128 அரீனா. ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் காலி இடத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

ப்ராசஸின் மெமரித் துண்டுகளைப் பட்டியலிடும் பிமேப்பைப் போட்டுப் பாருங்கள். பெயரில்லாத துண்டுகள் ஜோடி ஜோடியாக வரிசை கட்டி நிற்கும்: 132 கேபி எழுதக்கூடியது, அதை ஒட்டி 65,404 கேபி எந்த அனுமதியும் இல்லாதது. கூட்டினால் 65,536 கேபி, அதாவது சரியாக 64 எம்பி. அது ஒரு அரீனாவின் அடையாளம். முதல் எண் 132லிருந்து 20,000, 40,000 என்று வளர்ந்திருந்தால், அந்த அரீனா வழியாக யாரோ பெரிதாக எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மேலாக் அரீனா மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 அல்லது 4 என்று வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறையலாம், மெமரி நிறையக் குறையலாம். ஜெமேலாக், டிசிமேலாக் போன்ற வேறு அலோகேட்டரை மாற்றிப் பார்ப்பதும் நல்ல சோதனை. ஆனால் அலோகேட்டரை மாற்றியும் அதே சாய்வில் ஏறினால், சிக்கல் உங்கள் நிரலில்தான்.

எங்கள் மொழியில் கார்பேஜ் கலெக்டர் இருக்கிறது. அப்புறம் எப்படி லீக் வரும்?

நிரலுக்காக மெமரியைத் தானாக விடுவிக்கும் இந்தக் கலெக்டர், யாரும் எட்ட முடியாததைத்தான் எடுக்கும். யாருக்கும் தேவைப்படாததை எடுக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் லீக் குடியிருக்கிறது.

2005ல் அமெரிக்கப் பாலைவனத்தில் அந்நாட்டு ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா நடத்திய ஓட்டுநரில்லா வண்டிப் போட்டியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களின் வண்டி பாதியில் நின்றது. நிரல் சி ஷார்ப்பில் எழுதியது, கலெக்டர் உண்டு. தாண்டி வந்த தடைகளைப் பட்டியலிலிருந்து நீக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு தடைப் பொருளும் ஒரு நிகழ்வுக்குத் தன்னைப் பதிவு செய்திருந்தது, அந்தப் பதிவை யாரும் நீக்கவில்லை. பட்டியலில் இல்லாத தடைகள் எல்லாம் அந்தப் பதிவின் பிடியில் உயிரோடு இருந்தன.

ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் ஒரே நிகழ்வுக்குப் பத்துக்கு மேல் லிஸனர் (நிகழ்வு நடந்தால் அழைக்கச் சொல்லிப் பதிந்த நிரல்துண்டு) சேர்ந்தால் எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையை வாயடைக்க எல்லையை உயர்த்துகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லீக் இருக்கும் இடத்தை இலவசமாகச் சொல்லித் தரும் வரி அது.

ஜாவாவில் த்ரெட் லோக்கல் மாறிகளைப் பாருங்கள். த்ரெட் பூலில் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் த்ரெட்களின் தொகுப்பில்) த்ரெட் சாவதே இல்லை. ஒரு பயனருக்காக அதில் வைத்ததை வேலை முடிந்ததும் எடுக்காவிட்டால், பூல் இருக்கும்வரை அதுவும் இருக்கும். அடுத்த பயனரின் கோரிக்கை அதே த்ரெட்டில் வந்து முந்தையவரின் விவரத்தைப் பார்த்துவிடும் ஆபத்தும் இதில் இருக்கிறது. பைதானில், முன்பு கணித்த விடைகளை வைத்துக்கொள்ளும் எல்ஆர்யூ கேஷை ஒரு வகுப்பின் மெத்தடுக்குப் போட்டால், அந்தப் பொருளே கேஷின் சாவியில் மாட்டிக்கொள்ளும்.

பல பயனர் நிரல்களுக்கே உரிய காரணங்கள் என்னென்ன?

போய்விட்ட ஒருவருக்காக எதையோ பிடித்து வைத்திருப்பது. ஏறக்குறைய எல்லாமே இதன் வேஷங்கள்தான்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது, விடைபெறாமல் போகும் பயனர். நான் பார்த்த ஒரு நிரலில் லாக் அவுட் பொத்தானை அழுத்தினால் செஷன் சுத்தமாக அழிந்துவிடும். எங்கள் சோதனைகள் எல்லாம் அந்தப் பொத்தானை அழுத்தியே முடிந்தன. நிஜ ஆட்கள் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போனார்கள். வைஃபை அறுந்தது. சர்வருக்கு எந்தச் செய்தியும் வரவில்லை, சாக்கெட் (இணைப்பின் சர்வர் முனை) 'எஸ்டாப்ளிஷ்ட்', அதாவது இணைப்பு உயிரோடு இருக்கிறது, என்றே நின்றது. வேலை நேரத்தில் ஒரே சமயத்தில் அறுபது பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். திறந்த இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையில் எண்ணிப் பார்த்தால் ஆயிரத்துக்கும் மேல் இணைப்புகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு செஷன், ஒவ்வொரு செஷனிலும் ஒரு பஃபர். அந்த எண்ணைத் திரையில் பார்த்ததும், பல வாரமாக மேப்களையும் லூப்களையும் சந்தேகப்பட்டது தவறான பக்கம் என்று புரிந்தது.

மறுமுனை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் டிசிபி கீப் அலைவ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். லினக்ஸில் நிரல் தானாகக் கேட்டால்தான் அது இயங்கும். இயங்கினாலும் வழக்கமான அமைப்பில் 7,200 விநாடி சும்மா இருந்த பிறகுதான் முதல் தட்டு. பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக 9 முறை. அதாவது போன ஆள் போய்விட்டார் என்று தெரிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் நிரலே அரை நிமிடத்துக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பி, பதில் வராவிட்டால் மூடுவதுதான் சரி.

அடுத்தது மெதுவாகப் படிக்கும் பயனர். ஒரு செய்தியை ஐநூறு பேருக்கு அனுப்புகிறீர்கள். 499 பேர் படித்துவிட்டார்கள், ஒருவரின் இணைப்பு மட்டும் தேங்கியிருக்கிறது. அவருடைய வரிசையில் செய்திகள் குவியும். வரிசைக்கு உச்ச வரம்பு இல்லையென்றால் அந்த ஒருவர் போதும், சர்வரையே சாய்ப்பதற்கு. இது மிகவும் ஏமாற்றும் வகை, ஏனென்றால் இணைப்பு எண்ணிக்கை சரியாகவே இருக்கும், செஷன் எண்ணிக்கையும் சரியாகவே இருக்கும். வரிசைகளின் நீளத்தை அளந்தால் மட்டுமே தெரியும். வரம்பு வையுங்கள். வரம்பைத் தாண்டினால் பழையதை விடுவதா, அந்த இணைப்பையே அறுப்பதா என்று உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, பயனர் பெயரையோ ஐபியையோ சாவியாகக் கொண்ட மேப்கள். யார் எத்தனை முறை கேட்டார்கள் என்று எண்ணும் வேக வரம்புப் பட்டியல், ஒவ்வொரு பயனருக்கும் ஒரு பூட்டு, ஒவ்வொரு பயனருக்கும் ஒரு லாகர் என்று இவை நிரல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். நீக்கும் வரியே எங்கும் இருக்காது. உள்ளே இருக்கும் பயனர்கள் நூறு பேர்தான் என்று எழுதியவர் நினைத்திருப்பார். இணையத்திலிருந்து வரும் ஐபி முகவரிகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மூல நிரலில் மேப்பில் சேர்க்கும் இடங்களையும் நீக்கும் இடங்களையும் தேடி எண்ணிப் பாருங்கள். சேர்ப்பது இருந்து நீக்குவது இல்லாத ஒவ்வொரு மேப்பும் விசாரிக்கப்பட வேண்டியதுதான்.

பிழை நேரும் பாதையையும் மறக்க வேண்டாம். கடவுச்சொல் தவறினால், பதிவேற்றம் பாதியில் நின்றால், நேரம் கடந்து கோரிக்கை ரத்தானால், எடுத்ததை விடும் வரிக்கு நிரல் போய்ச் சேருகிறதா? வளைவு லாகினோடு பொருந்தாமல், தோல்வியடைந்த லாகினோடு பொருந்தினால் நேராக இங்கே வாருங்கள்.

ஹீப் 400 எம்பி என்கிறது, ப்ராசஸ் 2 ஜிபி. மீதி எங்கே?

கலெக்டருக்குத் தெரியாத இடத்தில். ஜாவாவில் டைரக்ட் பஃபர்கள், மெட்டாஸ்பேஸ் (வகுப்புகளின் விவரம்), த்ரெட் ஸ்டாக், ஓடும்போதே ஜேஐடி தொகுத்த நிரல் எல்லாம் ஹீப்புக்கு வெளியே. நேட்டிவ் மெமரி ட்ராக்கிங்கை இயக்கிவிட்டுக் கிளப்பினால், ஜேசிஎம்டி கட்டளை வழியாக வகை வகையாகப் பிரித்துக் காட்டும், முந்தைய அளவோடு ஒப்பிட்டும் காட்டும். அதிலும் வராதது பெரும்பாலும் சியில் எழுதிய நூலகங்களின் வேலை. படத்தைச் சுருக்குவது, குறுக்கம், குறியாக்கம் போன்றவற்றைச் செய்யும் நூலகங்களை முதலில் பாருங்கள்.

தரவுத்தள இணைப்புகளே பெருத்துப் போகின்றன. ஏன்?

போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் தான் தொட்ட அட்டவணைகளின் விவரத்தைத் தனக்குள் சேர்த்து வைக்கும். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டவணைகள் என்று வடிவமைத்திருந்தால், ஒரே இணைப்பு காலப்போக்கில் ஆயிரக்கணக்கான அட்டவணைகளைத் தொட்டுவிடும். இணைப்புகளைத் திறந்தே வைத்துப் பகிரும் பூலில் இணைப்புக்கு ஆயுள் வரம்பு வைப்பது இங்கே முறையான தீர்வு. 14ஆம் பதிப்பிலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு இணைப்பின் மெமரிக் கணக்கை லாகில் எழுதச் சொல்ல முடியும்.

ப்ரொடக்‌ஷனில் என்ன கருவியை நம்பி ஓட்டலாம்?

ஒவ்வொரு மெமரி அணுகலையும் சரிபார்க்கும் வால்க்ரைண்டின் மெம்செக் வேண்டாம். 10 முதல் 30 மடங்கு வரை வேகம் குறையும், நிஜப் பயனர்கள் தாங்க மாட்டார்கள். அது சோதனை இயந்திரத்துக்கானது. ப்ரொடக்‌ஷனில் மாதிரி எடுக்கும் கருவிகள் நல்லவை: கோவின் பிப்ராஃப், ஜெமேலாக்கின் சொந்த ப்ரொஃபைலர். பைதானின் ட்ரேஸ்மேலாக் எல்லாவற்றையும் குறிப்பெடுக்கும், சுமை கொஞ்சம் கூடும், ஆகவே பல சர்வர்களில் ஒன்றில் மட்டும் இயக்குங்கள்.

எந்தக் கருவியானாலும் ஒரே ஒரு படம் எடுத்துப் பிரயோஜனமில்லை. நிரல் சூடானதும் ஒன்று, சில மணி நேரம் கழித்து ஒன்று, இன்னும் சில மணி நேரம் கழித்து ஒன்று. முதல் இரண்டுக்கு நடுவே பிறந்து மூன்றாவதிலும் உயிரோடு இருப்பவைதான் நம் ஆட்கள். மெமரியை அதிகம் தின்னும் பொருள் எது என்று பார்ப்பதைவிட, எது வளர்ந்தது என்று பாருங்கள். அதிகம் தின்பது பெரும்பாலும் நியாயமான கேஷாகவே இருக்கும்.

ஹீப் டம்ப் எடுப்பதற்கு முன் மூன்று விஷயம். எடுக்கும் நேரம் முழுக்க நிரல் நின்றுவிடும், ஆகவே அந்தச் சர்வருக்குப் பயனர்கள் வருவதை முதலில் நிறுத்துங்கள். டிஸ்க்கில் ஹீப் அளவுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோப்பில் பயனர்களின் கடவுச்சொல், செஷன் சாவி, கடிதம் எல்லாம் அப்படியே எழுத்தாக இருக்கும். அதை மின்னஞ்சலில் இணைத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், வேலை முடிந்ததும் அழியுங்கள்.

என் இயந்திரத்தில் ஓட்டினால் ஏறவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

உங்கள் இயந்திரத்தில் ஒரே பயனர், நல்ல இணைப்பு, ஒழுங்கான லாக் அவுட். இந்த மூன்றையும் கெடுங்கள். நூறு பேர் ஒரே நேரத்தில் வருவது போல ஸ்கிரிப்ட் எழுதுங்கள். பாதிப் பேரை நடுவில் கொல்லுங்கள். இணைப்பை முறையாக மூடாமல், ஃபயர்வால் விதியால் பாக்கெட்டுகளை விழுங்க வையுங்கள், அப்போதுதான் வைஃபை அறுந்த நிலை வரும்.

ஒரு பழைய உத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். சந்தேகப்படும் செயலைப் பகா எண் முறை செய்யுங்கள், 1,009 முறை என்று வைத்துக்கொள்வோம். பிறகு வகைவாரியாகப் பொருள்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஏதாவது ஒரு வகை சரியாக 1,009 கூடியிருக்கிறதா? 2,018? 3,027? ஆயிரம் முறை செய்திருந்தால் தற்செயலாக வந்த ஆயிரத்தோடு குழம்பிவிடும். 2,018 என்று கண்ணில் பட்டால் தற்செயலுக்கு இடமே இல்லை, ஒவ்வொரு முறைக்கும் இரண்டு மிஞ்சுகிறது.

கண்டெய்னர் (நிரலைத் தனியாக வரம்பு கட்டி ஓட்டும் சூழல்) 137 என்று சொல்லிச் செத்துவிடுகிறது. லாகில் ஒன்றுமே இல்லையே?

137 என்பது 128உடன் 9. ஒன்பதாம் எண் சிக்னல், நிரலால் பிடிக்க முடியாதது, அதனால்தான் லாகில் கடைசி வார்த்தை எதுவும் இல்லை. பெரும்பாலும் மெமரி வரம்பைத் தாண்டியதால் கர்னல் கொன்றிருக்கும். கர்னலின் லாகைக் காட்டும் டிமெசேஜில் பார்த்தால் யாரை, எத்தனை ரெஸ்ஸில் கொன்றது என்று இருக்கும். கண்டெய்னர் கணக்கில் நிரலின் ஹீப் மட்டும் வராது. ராமிலேயே கோப்புகளை வைக்கும் டெம்ப்எஃப்எஸ்ஸில் எழுதிய தற்காலிகக் கோப்புகளும் மெமரியாகவே எண்ணப்படும். பதிவேற்றங்களை அங்கே வைத்துவிட்டு அழிக்க மறந்த நிரல்கள் இருக்கின்றன. அதற்கு எந்த ஹீப் ப்ரொஃபைலரிலும் தடயம் கிடைக்காது.

தினமும் இரவில் ரீஸ்டார்ட் செய்தால் போதாதா?

வலியைக் குறைக்கும், தவறு ஒன்றுமில்லை. அபாச்சி வெப் சர்வரில் இத்தனை இணைப்புக்குப் பிறகு பிள்ளை ப்ராசஸை மாற்று என்று அமைக்கலாம். பைதான் சர்வரான கூனிகார்ன், பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி எஃப்பிஎம் இரண்டிலும் கோரிக்கை எண்ணிக்கையை வைத்து அதே போன்ற வசதி இருக்கிறது. எல்லா ப்ராசஸும் ஒரே நொடியில் மாறிவிடாமல் இருக்க எண்ணில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் வையுங்கள்.

ஆனால் காரணம் தெரியாமல் ரீஸ்டார்ட்டை மட்டும் நம்புவது ஆபத்து. 1992 அக்டோபரில் லண்டன் ஆம்புலன்ஸ் சேவை கணினி மூலம் வண்டிகளை அனுப்பும் புதிய அமைப்புக்கு மாறியது. நவம்பர் 4 அதிகாலையில் அது நின்றுபோனது. ஒவ்வொரு முறை வண்டி அனுப்பும்போதும் கோப்புச் சர்வரில் கொஞ்சம் மெமரியை எடுத்துவிட்டு விடாமல் போகும் சின்னத் துணுக்கு ஒன்று நிரலில் மறந்து விடப்பட்டிருந்தது. மூன்று வாரம் அது யார் கண்ணிலும் படவில்லை. லீக் எத்தனை சின்னது என்பது முக்கியமில்லை, எத்தனை முறை நடக்கிறது என்பதுதான் முக்கியம். இன்று ஒரு நாளைக்குத் தாங்குகிற நிரல், பயனர்கள் மூன்று மடங்கானால் மதியத்துக்குள் விழுந்துவிடும்.

ரீஸ்டார்ட் செய்யத்தான் வேண்டும் என்றால், கை பொத்தானுக்குப் போகும் முன் இரண்டு நிமிடம் கொடுங்கள். ஸ்மேப்ஸ், எஸ்எஸ் பட்டியல், திறந்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கை, த்ரெட் டம்ப், கடைசி ரீஸ்டார்ட்டிலிருந்து நடந்த லாகின்களின் எண்ணிக்கை, இவற்றை ஒரு கோப்பில் சேமியுங்கள். ப்ராசஸ் செத்துவிட்டால் இவற்றில் பெரும்பாலானவை அதோடு போய்விடும், இன்னொரு வாரம் காத்திருக்க வேண்டும்.

சரிசெய்துவிட்டோம் என்று எப்படி உறுதிப்படுத்துவது?

அதே வகுத்தலால். முன்பு லாகினுக்கு 40 கேபி மிஞ்சியது. திருத்தத்துக்குப் பிறகு அதே சுமையை, குறைந்தது அதே எண்ணிக்கை லாகின்களை ஓட்டி, அடிமட்டத்தை மறுபடி அளக்க வேண்டும். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்தால் முடிந்தது. 8 கேபி என்று வந்தால் இரண்டு லீக் இருந்திருக்கிறது, ஒன்றைத்தான் பிடித்திருக்கிறீர்கள். இது அடிக்கடி நடக்கும். முதல் வெற்றியில் நிறுத்திவிடாமல் மிச்சத்தை மறுபடி வகுத்துப் பாருங்கள்.

அதோடு, உயிரோடு இருக்கும் செஷன் எத்தனை, திறந்த இணைப்பு எத்தனை, மிக நீண்ட வரிசையின் நீளம் எவ்வளவு, ஒவ்வொரு பெரிய மேப்பிலும் எத்தனை சாவி என்ற எண்களை நிரலே நிமிடத்துக்கு ஒருமுறை வெளியிடும்படி சில வரிகள் எழுதி வையுங்கள். செஷன் எண்ணிக்கையும் இணைப்பு எண்ணிக்கையும் ஒன்றைவிட்டு ஒன்று விலக ஆரம்பித்தால் உடனே அலாரம் அடிக்கட்டும். மெமரி கிராஃபில் அது தெரிவதற்குப் பல நாள் முன்பே இந்த இரண்டு எண்களில் தெரிந்துவிடும்.